உன் ஜோடி எங்கே?

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்கே பிடிக்காது. "என் பேர நானா சொல்லணும்? பக்கத்துல இருக்கறவங்க சொல்லட்டும்" என்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் 'மிஸ்' என்று கூப்பிட நாங்கள் எத்தனையோ பேர் இருந்தோம். ஆனால் பிள்ளைகள் வெறுமனே 'மிஸ்' என்றால் அது அவர்தான். அதுவே எனக்கு முதல் எரிச்சல்.

அவருடைய நாலாம் வகுப்புக்கும் என்னுடைய மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அங்கே யாராவது தும்மினால் இங்கே என் பிள்ளைகள் சிரிப்பார்கள். காலையில் நான் பெயர் கூப்பிட்டால் 'பிரசென்ட் மிஸ்', 'பிரசென்ட் மிஸ்' என்று கடகடவென்று முடிந்துவிடும். தான் வந்திருப்பதைத் தானே எழுந்து சொல்ல வேண்டும். ஊர் உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தானே? தடுப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே பெயர் கூப்பிட்டால் அந்தப் பெயர்க்காரப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் எழுந்து சொல்ல வேண்டும்.

"கார்த்திக்?"

"வந்துக்கீறான் மிஸ். கால்ல முள்ளு குத்திக்கிச்சாம். நொண்டிகினு வந்தான்."

"ரேஷ்மா?"

"வந்திருக்கா மிஸ். யூனிஃபார்ம் காயலயாம், அதான் கலர் டிரெஸ்."

பூதிகோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பையன் தெலுங்கில் சொல்வான். பங்காருபேட்டைப் பெண் கன்னடத்தில் சொல்வாள். "இது இங்கிலீஷ் மீடியம், ஞாபகம் இருக்கட்டும்" என்று ஹெட் மேடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். "இங்கிலீஷ்ல சொன்னா நல்லதுதான் மேடம். ஆனா மொதல்ல சொல்லட்டும்" என்று இவர் பதில் சொல்லிவிட்டு அப்படியே தொடர்வார்.

வராத பிள்ளைக்குத்தான் பெரிய விசாரணை.

"இன்னாத்துக்கு வரல?"

"தெரியாது மிஸ்."

"அப்ப நாளைக்கித் தெரிஞ்சிகினு வா."

அவ்வளவுதான். சாயங்காலம் அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பிள்ளையின் வீட்டைத் தேடி அலையும். பெற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். எங்கள் சாயங்கால மீட்டிங்கில் பாதி நேரம் இந்தப் பஞ்சாயத்திலேயே போகும். அட்டெண்டன்ஸ் முடிவதற்குள் முதல் பீரியட் பாதி போயிருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளோ வாய்ப்பாட்டை விட்டுவிட்டுத் தடுப்புப் பக்கம் காதை வைத்துக்கொண்டு ரேஷ்மா வீட்டில் ஏன் துணி காயவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. அதையும் நான் கேட்டு வாங்கவில்லை, மின்விசிறிக்கு நேர் கீழே அது ஒன்றுதான் காலியாக இருந்தது.

"ஏங்க, உங்களுக்கு இது தேவையா? தன் பேருக்குத் தானே எஸ் மிஸ்னு சொன்னா இன்னா குறைஞ்சி போச்சி?"

என் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்துத் தன் தயிர்சாதத்தில் வைத்துக்கொண்டார். கேட்டு எடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"எங்கப்பா சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட் ஆளுங்க. ஷிஃப்ட் முடிஞ்சி கேஜ் லிஃப்ட்ல மேல வந்தா, மேல நிக்கறவரு கேக்கற மொத கேள்வி, 'உன் ஜோடி எங்க?' அதான். நீ எப்படிக்கீறன்னு கேக்க மாட்டாரு. நீதான் எதிர்ல நிக்கிறியே, அத வேற கேக்கணுமா? கூட எறங்கினவன் எங்கன்னுதான் கேப்பாரு. தெரியலன்னு சொன்னா வீட்டுக்குப் போக முடியாது."

"அது சுரங்கம். இது ஸ்கூலு."

"ஆமா, இங்க இன்னும் மோசம். இங்க தெரியலன்னு சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்க" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு ஊறுகாய்த் துண்டை எடுத்தார்.

இவரிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள். ஊரில் தங்கச் சுரங்கம் மூடியே எவ்வளவு காலமாயிற்று! பெஞ்சில் பக்கத்துப் பிள்ளையை இவர் ஜோடி என்று சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு அப்பா வந்து, "எம்புள்ளைக்கு இந்த வயசுல ஜோடி சேக்கறீங்களா?" என்று ஆபீசில் குதித்தார். பெண்ணுக்குப் பெண், பையனுக்குப் பையன்தான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. விளக்கம் சொல்லப் போனது நான். ஏனென்றால் இவர் அந்த அப்பாவிடமே, "உங்க பையன் பக்கத்துல யாரு உக்கார்றான்னு தெரியுமாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விளையாட்டு விழாவில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அணிவகுப்பில் நாலாம் வகுப்பு வந்தது. கார்த்திக்கின் ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. அவன் குனிந்தான். அவன் ஜோடி நின்றான். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். முன்னால் போன ஜோடிகளும் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டன. சிறப்பு விருந்தினர் சல்யூட் வைத்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார். பேண்டு வாத்தியக் குழு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஹெட் மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இவரோ ஓரத்தில் நின்று, "நல்லா இறுக்கிக் கட்டுடா" என்கிறார்.

இன்னொரு விஷயம். எல்லோருடைய கதையையும் கேட்பாரே தவிர, தன்னுடையதில் ஒரு வரி சொல்ல மாட்டார். காலையில் கருப்புக் குடையோடு, பழைய சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் பக்கமிருந்து நடந்து வருவார், சாயங்காலம் அதே குடையோடு நடந்து போவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. எனக்கு என் வீட்டுத் தலைவலியே போதுமானதாக இருந்தது.

அந்தத் தலைவலிக்குப் பெயர் தாரிணி. என் மகள்.

வீட்டில் அவள் வாயை மூட ஆள் வைக்க வேண்டும். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள். ஆனால் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. டீச்சர் மகள் என்பதால் எல்.கே.ஜி.யிலிருந்து எப்படியோ ஒப்பேற்றிவிட்டார்கள். எழுத்தில் கெட்டிக்காரி, வாயில் பூட்டு. சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியம் ஒன்றையும் நான் விடவில்லை. நாக்கில் வசம்பு தேய்த்தேன், தேன் தடவினேன், கோவில் மணியில் தண்ணீர் ஊற்றி அதைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். போன கோவிலில் எல்லாம் இவள் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

யோசித்தால் ஆத்திரம்தான் வருகிறது. கடைத்தெருவில் எங்கள் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேல் மாடியில் வீடு. "கீழ கஸ்டமர் இருக்காங்க, கத்தாத" என்று என் மாமியார் அவளை வளர்த்தார். அக்கம்பக்கம் முழுக்கக் கடைகள், விளையாட ஒரு பிள்ளை கிடையாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் முதல் நாளே 'ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்'. வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு ஸ்டார் ஒட்டுகிறோம். இத்தனையும் செய்துவிட்டு நாலாம் வகுப்பில், 'ஏன் இவள் யாரோடும் பழகமாட்டேன் என்கிறாள்?' என்று நாமே கூடிப் பேசுகிறோம்.

நாலாம் வகுப்பின் தொடக்கத்திலேயே ஹெட் மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அரைப் பரீட்சையோட ஓரல் டெஸ்ட்ல அவ வாயத் திறக்கணும். இல்லன்னா நீங்க வேற எங்கயாச்சும் பாத்துக்கங்க. டீச்சர் பொண்ணுன்னு இனிமே முடியாது." அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அதனால்தான் இவரிடம் கெஞ்சினேன். "ஒரு அமைதியான பொண்ணு பக்கத்துல உக்கார வைங்க. மெதுவா பழகுவா."

"சரிங்க" என்றார். உட்காரவைத்தது பவானி பக்கத்தில்.

பவானி யார் என்றால், அவள் பேசினால் தடுப்பு மட்டுமல்ல, தடுப்புக்கு இந்தப் பக்கத்துச் சுவரும் அதிரும். மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம் வசிக்கும் இடம். அங்கே கத்தாவிட்டால் தண்ணீர்கூடக் கிடைக்காது. அப்பாவும் அம்மாவும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள்.

முதல் நாள் காலை. நான் கையில் சாக்பீஸோடு தடுப்பருகே நின்றிருந்தேன்.

"தாரிணி?"

"வந்துக்கீறா மிஸ்! ரெண்டு ஜடை, ரிப்பன் புச்சு! நான் கேட்டேன், பேச மாட்றா!"

"பவானி?"

என் மகள்தான் சொல்ல வேண்டும். சத்தமே இல்லை.

"தாரிணி, பவானி வந்திருக்காளா?"

"மிஸ், நான் இங்கதான் கீறேன் மிஸ்!"

"யாரோ பேசற மாதிரி இருக்கு. தாரிணி, யாரு அது?"

வகுப்பே சிரித்தது. பெஞ்சு மேல் ஏறி நின்று பவானி கைகளைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. என் மகள் வாய் திறக்கவில்லை. "ஜோடி சொல்லல. அப்ப எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, இந்த மகராசி, பவானிக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு. ஆப்சென்ட் போட்டால் வீட்டுக்குத் தானாக மெசேஜ் போய்விடும். போனது. பவானியின் அம்மா வேலை செய்யும் இடத்தில் பார்த்திருக்கிறார். காலையில் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிட்டு, சாப்பாடு கட்டி வைத்துவிட்டு ரயிலேறிய பெண்பிள்ளை. மகள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை என்றால் என்னத்தை நினைப்பாள்! கிடைத்த பஸ்ஸில் ஏறி மத்தியானம் வந்து சேர்ந்தார். மைதானத்தில் பவானி கோகோ ஆடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் பவானியிடம் விவரம் கேட்டுக்கொண்டு, எழுந்து என்னிடம் வந்தார்.

"ஒங்க பொண்ணு வாயில இன்னா மேடம் கொழுக்கட்டயா வச்சினுக்கீறா? என் உசுரே போயிடுச்சி, தெரியுமா?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மிஸ்ஸோ நேராக அந்த அம்மாவிடம் வந்து, "என் தப்புதாங்க. அந்த மெசேஜ் விஷயம் எனக்குத் தோணவே இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்ததாகப் பிறகு பவானி மூலம் தெரிந்தது.

சரி, இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எங்கே? பவானிக்குப் பிரசென்ட் போட்டுவிடுவார். ஆனால் கேள்வியை விட மாட்டார். "தாரிணி, பவானி வந்திருக்காளா?" தினமும். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் காத்திருந்தால் வகுப்பும் காத்திருக்கும். அவ்வளவு இரைச்சலான வகுப்பு மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் என் கை போர்டிலேயே நின்றுவிடும். சொல்லுடி, 'வந்திருக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்து வந்த இரைச்சலையாவது திட்டலாம். இந்த மௌனத்தை என்ன செய்வது?

அரைப் பரீட்சை நெருங்கியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க எம்பொண்ண படுத்தறீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் எதிரிலும் சொன்னேன். "தினம் அத்தன பேரு முன்னாடி நிக்க வைக்கறீங்க. அவளுக்கு அசிங்கமா இருக்காதா?"

"பவானிய பத்திதானேங்க கேக்கறேன். அவள பத்தி ஒரு நாளும் கேட்டதில்லயே" என்றார்.

இதற்கு மேல் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். ஹெட் மேடத்திடம் போய் தாரிணியை பி செக்ஷனுக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றார்.

அதற்குள் ஒருநாள் மிஸ் வரவில்லை. லீவு சொல்லவுமில்லை, போனும் எடுக்கவில்லை. ஹெட் மேடம் என் வகுப்புக்கு வந்து, "நீங்கதானே அவங்க பக்கத்து சேரு? ஏன் வரல?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்."

எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் என்றைக்கு என்ன சொல்லியிருக்கிறார்? இரண்டு வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார் மேடம். நாலாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கப் போனேன். ஒரு பிள்ளையும் தன் பெயருக்குத் தானே பதில் சொல்லவில்லை. பவானியின் பெயரை நான் கேட்கவே இல்லை, நானே போட்டுக்கொண்டேன். முடிந்ததும் பவானி எழுந்தாள்.

"மிஸ், எங்க மிஸ்ஸுக்கு யாரு சொல்லுவாங்க?"

"என்னத்த?"

"வரல இல்ல? இன்னாத்துக்கு வரலன்னு யாராச்சும் சொல்லணும் இல்ல?"

"வாய மூடிகினு கணக்குப் போடுங்க" என்றேன். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் அவளைக் காணவில்லை. ஸ்கூட்டர் பக்கம் இல்லை, பாத்ரூமில் இல்லை, கேன்டீனில் இல்லை. வாட்ச்மேனைத் திட்டினேன், அவர் திருப்பித் திட்டினார். கால் ஓய்ந்து கேட்டருகே நின்றபோது, தாரிணியும் பவானியும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஷூ முழுக்கச் செம்மண். "எங்கடி போன?" என்றால் பதில் இல்லை. பவானி ஏதோ சொல்ல வந்தாள். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று விரட்டிவிட்டேன். வீடு போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே போனேன். வீட்டில்கூட அன்று அவள் பேசவில்லை.

மறுநாளும் மிஸ் வரவில்லை. ஹெட் மேடமே நாலாம் வகுப்புக்கு வந்தார். நான் என் வகுப்பில் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். "சொல்லாம கொள்ளாம ரெண்டு நாளு. இதுதான் உங்க மிஸ் கத்துக் குடுக்கற ஒழுங்கு" என்று அந்தப் பக்கம் மேடத்தின் குரல். அப்புறம் ஒரு பிள்ளையின் குரல். மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு. யார் பெற்ற பிள்ளையோ பாவம், மேடத்திடம் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

"மிஸ் வரல மேடம். வீட்ல இருக்காங்க. மிஸ்ஸோட அப்பாவுக்கு மூச்சு வாங்குது. அவரால படுக்க முடியல, உக்காந்துகினே இருக்காரு. மிஸ் அவரோட முதுக புடிச்சிகினே இருக்காங்க, வுட்டா சாய்ஞ்சிடறாரு. கரண்ட்டு இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. மிஸ் சாப்டல. நானும் பவானியும் பன்னு வாங்கிக் குடுத்தோம். பாதிதான் சாப்டாங்க."

பெருக்கலைப் பாதியில் விட்டேன். பள்ளிக்கூடச் சுவர்களுக்குள் நான் கேட்டே இராத குரல். வீட்டில் தினமும் என் உயிரை வாங்கும் குரல். ஓடிப்போய் வாசலில் நின்றேன். தாரிணி நின்றுகொண்டிருந்தாள். பவானி அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெட் மேடம், "சரி, உக்காருமா" என்றார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என் பிள்ளைகளெல்லாம் பார்க்கிறார்களே என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். கடைத்தெரு திருப்பம் வந்தது. அப்போது கேட்டாள்.

"அம்மா, ஸ்டாஃப் ரூம்ல எங்க மிஸ் பக்கத்துல யாரும்மா உக்காருவாங்க?"

"நான்தான். ஏன்?"

"அப்ப நேத்து மேடம் கேட்டப்ப நீ ஏன் தெரியலன்னு சொன்ன?"

எத்தனை கோவில், எவ்வளவு வசம்பு, எவ்வளவு தேன்! எல்லாம் இந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான். "சும்மா வாடி" என்று அதட்டினேன். வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. வீட்டு மாடி விளக்கு தெரிந்தது. அந்தப் பாதி பன்தான் நினைவில் நின்றது.

"மத்தியானமாச்சும் எதாவது சாப்டாங்களாடி உங்க மிஸ்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நீதானே அவங்க ஜோடி."

வண்டியை மைசூர் மைன்ஸ் பக்கம் திருப்பினேன்.